படிப்பா, ஓட்டமா? பேரா தந்த ‘பறக்கும் டாக்டர்’ கதை இன்றைக்கும் ஏன் முக்கியம்

“இது எஸ்.பி.எம். வருஷம். ஓடினது போதும், புத்தகத்தை எடு.”

பள்ளி அணியில் இருக்கும் பிள்ளைகள் பலர் படிவம் 5-இல் கேட்கும் வசனம் இது. சொல்லுகிற பெற்றோரிடமும் நியாயம் இருக்கு. முழங்காலில் ஒரு அடி பட்டால் ஓட்டம் நின்றுவிடும். சான்றிதழ் கடைசி வரை கூட வரும். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியுமா? பேராவில் பிறந்த ஒரு தமிழர் 60 ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு ஒரு பதில் காட்டினார்.

யார் இவர்?

டான் ஸ்ரீ டாக்டர் எம். ஜெகதீசன். 1943 நவம்பரில் கோலகங்சாரில் பிறந்தவர். 1877-இல் முதல் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட அதே ஊர்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் மலாயாவுக்காக 400 மீட்டர் ஓடியபோது அவருக்கு வயது 16. பிறந்த ஆண்டை வைத்துப் பார்த்தால், இன்றைய கணக்கில் அது படிவம் 5 வருஷம்!

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டரில் தங்கம். 1966 பேங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கம். ஆசியாவின் அதிவேக மனிதராக இருந்த அந்த நேரத்தில் அவர் சிங்கப்பூர் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர். ‘பறக்கும் டாக்டர்’ என்ற பட்டப்பெயர் வந்தது அதனால்தான்.

அதே 1966-இல் நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. முதல் சிறந்த வீராங்கனை யார் தெரியுமா? பேங்காக்கில் 400 மீட்டர் தங்கம் வென்ற எம். ராஜாமணி. அவரும் பேராக்காரர், தாப்பாவைச் சேர்ந்தவர்.

20.92 விநாடி: அப்படி என்ன பெரிய விஷயம்?

1968 மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டருக்கும் மேல். 1964 தோக்கியோவைப் போலவே அங்கும் அரையிறுதி வரை போனார்.

மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு. குறுந்தூர ஓட்டக்காரர்களுக்கு அது சாதகம். ஒலிம்பிக்கில் முதல் முறையாகச் செயற்கை ஓடுதளம் போட்டதும் அங்கேதான்.

சாதகம் இருந்ததால் எளிதாக வந்த சாதனை என்று நினைக்க வேண்டாம். பிறகு வந்த தலைமுறைகளுக்கும் செயற்கைத் தடம் கிடைத்தது. ஆனாலும் அந்தத் தேசியச் சாதனையை உடைக்க 49 ஆண்டுகள் ஆயின. 2017-இல் மலாக்காவின் கைருல் ஹாஃபிஸ் ஜன்தான் 20.90 விநாடியில் ஓடினார். வித்தியாசம் 0.02 விநாடி. அந்த வேகத்தில் அது 20 சென்டிமீட்டர்கூட இல்லை. ஏறக்குறைய ஒரு சாண் தூரம்தான்.

ஓட்டம் முடிந்த பிறகு?

படிப்பின் அருமை இங்கேதான் தெரிகிறது. 1968-இல் அவருக்கு வயது 25 கூட நிரம்பவில்லை. அதற்குப் பிறகு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநர், சுகாதாரத் துணைத் தலைமை இயக்குநர் என உயர்ந்தார். ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். ஊக்கமருந்துக்கு எதிரான வேலையில் அவர் கற்ற மருத்துவமும் ஓடிய அனுபவமும் ஒன்றுக்கொன்று துணை நின்றன.

அமெரிக்காவில் எப்படிச் செய்கிறார்கள்?

அங்கே காலேஜ் ஃபுட்பால் பெரிய தொழில் மாதிரி. அமெரிக்க ஃபுட்பாலில் ‘வைட் ரிசீவர்’ என்ற ஆட்டக்காரரின் வேலை, தற்காப்பாளரை வேகத்தால் ஏமாற்றி ஓடி, தூரத்திலிருந்து வரும் பந்தைப் பிடிப்பது. திறமையானவருக்குப் பல்கலைக்கழகமே கல்விக் கட்டணம், தங்குமிடம், பயிற்சி எல்லாம் தருகிறது. 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து மாணவர்கள் சம்பாதிக்கவும் முடியும்.

அந்த வழியில் பேராவிலிருந்தும் ஒருவர் போயிருக்கிறார். 2022-இல், 18 வயதில், 100 மீட்டரை 10.09 விநாடியில் ஓடி தேசியச் சாதனை படைத்த முஹமட் அஸீம் ஃபாமி, அடுத்த ஆண்டு அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 88,000 பேர் உட்காரும் ஃபுட்பால் அரங்கம் உள்ள பல்கலைக்கழகம் அது.

நம்ம ஊரில் என்ன வழி?

விளையாட்டுப் பள்ளி: புக்கிட் ஜாலில் பள்ளி 1996-இல் தொடங்கியது. ஜொகூர் பண்டார் பெனாவாரில் இன்னொன்று, வேறு மாநிலங்களிலும் உண்டு. காலையில் பயிற்சி, பிறகு வகுப்பு என்று நேர அட்டவணையே இரண்டையும் சேர்த்துப் போடப்படுகிறது.

யு.பி.யு. மதிப்பெண்: எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கான மெரிட் கணக்கில் கல்விக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு. மாவட்டம், மாநிலம், நாடு என எந்த நிலையில் விளையாடினீர்கள் என்பது அந்த 10-இல் சேரும். விரும்பிய துறையில் இடம் கிடைப்பதும் நழுவுவதும் சில நேரம் ஓரிரு புள்ளிகளில்தான். அதனால் ஒவ்வொரு போட்டிச் சான்றிதழையும் பத்திரப்படுத்துங்கள்.

ஆனால் திடல் எங்கே?

இந்த வழிகள் எல்லாம் ஏற்கெனவே ஓடத் தொடங்கிய பிள்ளைக்குத்தான். அந்த முதல் ஓட்டத்துக்கு ஒரு திடல் வேண்டும். ஒரு காலத்தில் சுங்கை சிப்புட் முதல் தெலுக் இந்தான் வரை ரப்பர் தோட்டங்களில் லயத்துப் பக்கத்திலேயே திடல் இருந்தது. சாயங்காலம் ஆனால் பந்து உருளும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களின் அடுக்குமாடிகளுக்கு வந்தபோது, திடல் கூட வரவில்லை.

ஆகவே ‘படிப்பா, விளையாட்டா’ என்பது பிள்ளையிடம் மட்டும் கேட்கும் கேள்வி அல்ல. பக்கத்தில் திடல் உண்டா, தேர்வுக்கு ஏற்றபடி பயிற்சி நேரத்தை மாற்றித் தரும் ஆசிரியர் உண்டா, போட்டிக்கு அழைத்துப் போக ஆள் உண்டா என்று பெரியவர்களிடமும் கேட்க வேண்டும். ஜெகதீசனுக்குத் திறமை இருந்தது, உண்மை. ஆனால் ஓடுகிற வயதில் படிப்பை விடச் சொல்லாமலும், படிக்கிற வயதில் ஓட்டத்தை நிறுத்தாமலும் இருந்ததால்தான் ஒரே மனிதரில் நாட்டுக்கு ஒரு சாதனையாளரும் ஒரு மருத்துவரும் கிடைத்தார்கள்.