வண்டி ஏன் கிளம்பவில்லை?

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில் உள்ளது கிணத்துக்கடவு. அவ்வூர்ச் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் உழவரின் மோட்டார் வண்டி விடியலில் கிளம்பாவிடின், அன்றைய வருவாய்க்கே கேடு. உடனே பாட்டரியைப் பழிப்பது பலரது வழக்கம். அஃது எப்போதும் நியாயமன்று.

முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். எஞ்சின் அசையாதிருந்தும் விளக்கொளி சிறிதும் குறையாவிடின், சுழற்றும் மோட்டாரிலோ அதன் கம்பிகளிலோ பழுது இருக்கலாம். ஒளி மங்கிச் சோர்ந்தால், பாட்டரியில் மின்னாற்றல் குறைந்திருக்கும். அல்லது அதன் முனைகளில் அழுக்கேறியிருக்கும்.

கந்தக அமிலத்தின் ஆவியால் முனைகளில் வெண்மையாகவோ பசுமையாகவோ பொடி படியும். அது மின்னோட்டத்தைத் தடுக்கும். சமையற்சோடா கரைத்த நீரில் துணியை நனைத்து, நீர் உள்ளே புகாவண்ணம் துடைத்தால் அது நீங்கும். துடைக்குமுன் எதிர்முனைக் கம்பியை முதலிற் கழற்றி, பின்பு அதனையே இறுதியில் மாட்டுதல் வேண்டும். இல்லையேல் கருவி வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும். இருளில் தீக்குச்சி கிழித்துப் பார்ப்போரும் உளர்! பாட்டரியிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும் இயல்புடையது.

ஓய்விலிருக்கும் 12 வோல்ட் பாட்டரி, நிறைவான மின்னேற்றத்தில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் விரைந்து சுழன்றும் இயங்காவிடின் பாட்டரி குற்றமற்றது; எரிபொருள் உளதா என்று பார்த்தல் வேண்டும்.