பரணில் கிடந்த தூக்கு

மும்பையில் ரயில்வே பணியில் இருந்தபோது, ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் தண்டவாளத்தின் அடியிலுள்ள கல்வெர்ட்டுகளைத் தூர் வாருவோம். சேறு அடியில் தங்கும், அள்ளிவிடலாம். தெர்மோகோல் தட்டு அப்படியல்ல. மிதந்து வந்து வாயை அடைக்கும். பிளாஸ்டிக் பைகள் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். பிறகு தண்ணீர் தண்டவாளத்துக்குத்தான் ஏறும்.

மும்பையின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்காகக் கட்டப்பட்டவை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. கொட்டியது. அதை எந்த வடிகாலும் தாங்காதுதான். ஆனால் சாதாரண மழைக்கே வாய் அடைபட்டிருந்தால்?

மகாராஷ்டிர அரசு 2018 மார்ச் 23-இல் பிளாஸ்டிக் பைகளையும் தெர்மோகோல் தட்டு, குவளைகளையும் தடை செய்தது. அபராதம் முதல் முறை 5,000 ரூபாய்; இரண்டாம் முறை 10,000; மூன்றாம் முறை 25,000 ரூபாயும் மூன்று மாதச் சிறையும்.

எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் நெல்லைக்காரத் தம்பி அப்போது சொன்னார்: "சார், சாம்பாரைப் பையில் கட்டித் தரமாட்டேன் என்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். கட்டித் தந்து பிடிபட்டால் நாலு நாள் லாபம் போச்சு."

நான் தலைகுனிந்தேன். முந்தின வாரம் அப்படிப் பக்கத்துக் கடைக்குப் போனவர்களில் நானும் ஒருவன்!

கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் தூக்கு எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. அன்று முதல் அதுதான் என்னோடு கடைக்கு வருகிறது. சட்டம் கடைக்காரருக்கு மட்டுமா? சங்க அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்களேன்.