போர்வைக் கடைகளைப் பார்த்து வருவோம்

கிராமத்தில் கைத்தொழில் ஒன்றைத் தொடங்க விரும்புவோர் முதலில் பயிற்சிக்கு ஏற்பாடு செய்கின்றனர். பின்னர் வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் எழுதுகின்றனர். செய்த பொருளை யார் வாங்குவார், அது எந்தக் கடையில் எந்த அடுக்கில் இடம்பெறும் என்னும் கேள்வியோ, சரக்கு வீட்டுத் திண்ணையில் குவிந்த பிறகே எழுகின்றது. தையல் இயந்திரங்கள் மூலையில் துணி போர்த்தி நிற்கும் காட்சியைப் பல ஊர்களில் காணலாம். இம்முறையை மாற்றி, கடையை முதலில் பார்ப்பது, கடனைப் பிறகு கேட்பது என்று உப்பிலியபுரம் ஊராட்சி ஒன்றியத்தில் ஒரு சிறு பயணத்தின் வாயிலாகச் செய்து பார்த்தோம். அதன் விவரங்கள் பிற ஊராட்சிகளைச் சேர்ந்த அன்பர்களுக்கும் உழவர் பெருமக்களுக்கும் பயன்படக்கூடும்.

எங்கள் ஒன்றியத்து மகளிர் சுய உதவிக் குழு ஒன்று, பஞ்சு வைத்துத் தைத்த போர்வைகளைச் செய்து விற்க விரும்பிற்று. எண்ணம் ஆதாரமற்றதன்று. பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் அருகே அமைந்த எங்கள் வட்டாரத்தில் பருத்தி விளைகின்றது. தையல் அறிந்த பெண்கள் பலர் உள்ளனர். கரூரில் வெட்டுத்துணி எடைக்குக் கிடைக்கின்றது. ஆயினும் கடன் வாங்கினால் அதன் தவணை ஒவ்வோர் உறுப்பினர் தலையிலும் விழும். போர்வை விற்காமற் போனால், ஆட்டையோ நகையையோ விற்றுத்தான் தவணை கட்ட வேண்டியிருக்கும். எனவே விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் கடைவீதியைச் சுற்றி வருவது என்று முடிவு செய்தோம்.

இத்தகைய போர்வை எவ்வாறு அமைகின்றது என்பதைச் சுருக்கமாகக் கூறுவது நலம். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, இடையே பஞ்சோ பழந்துணியோ. இம்மூன்றையும் ஊடுருவி நெருக்கமாக நூலோட்டித் தைப்பர். தையல் அழகுக்கு மட்டும் உரியதன்று. தையலின் இடைவெளி அகன்றுவிட்டால், துவைக்குந்தோறும் பஞ்சு நகர்ந்து ஒரு மூலையில் கட்டியாகத் திரளும். நம் வீடுகளில் பாட்டிமார் பழைய நூற்புடவையை நான்காக மடித்து, ஓரமும் நடுவும் நூலோட்டி, பிறந்த குழந்தைக்கு விரிப்பாகத் தைத்துக் கொடுப்பதும் இதே முறைதான். வங்காளத்தின் காந்தா, பீகாரின் சுஜனி, வட கர்நாடகத்தின் கவுதி ஆகியவை எல்லாம் இந்தப் பாட்டியின் விரிப்புக்கு உடன்பிறந்தவையே. சுஜனிக்கு 2006லும், வங்காளத்து நக்‌ஷி காந்தாவுக்கு 2008லும் புவிசார் குறியீடு கிடைத்தது.

கடைகளைச் சுற்றி வருவதும் நாம் புதிதாகக் கண்டுபிடித்த முறையன்று. அமெரிக்காவில் போர்வை தைக்கும் பெண்கள் குழுவாக வண்டி ஏறி, ஒரு வட்டாரத்தில் உள்ள போர்வைத் துணிக் கடைகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து வருவர். சென்ற கடைக்கு அடையாளமாக அட்டை ஒன்றில் முத்திரை பெறுவதும் உண்டு. அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. எங்களுக்கோ பிழைப்பைப் பற்றிய ஆராய்ச்சி. ஆகவே முத்திரை அட்டைக்குப் பதிலாக ஆளுக்கொரு குறிப்பேடு எடுத்துச் சென்றோம்.

பயணம் திங்கட்கிழமை விடியலில் தொடங்கியது. வேன் வாடகையைக் குழுவினர் பகிர்ந்துகொண்டனர். உழவர்கள் சிலரும் உடன் வந்தனர்.

முதலில் முசிறி. காவிரிக் கரையில் கோரை பயிராகும் பகுதி இது. கோரையை ஒருமுறை நட்டால் மறுதாம்பாகப் பல ஆண்டுகள் அறுக்கலாம் என்பதால், நீர் வசதியுள்ள நிலத்தில் அதை விரும்பிப் பயிரிடுகின்றனர். பாய்க்கடைகளில் கோரைப்பாயின் பக்கத்திலேயே பிளாஸ்டிக் பாயும் சுருட்டி நிறுத்தப்பட்டிருந்தது. கோரைப்பாய் வியர்வையை உறிஞ்சும், உடலுக்குக் குளிர்ச்சி தரும். எனினும் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் சிலர் பிளாஸ்டிக்கை நாடுகின்றனர் என்று கடைக்காரர் கூறினார். பொருளின் குறையை மறைக்காமற் சொல்லும் கடைக்காரரிடமே கற்றுக்கொள்ள இயலும். அங்கு அதிக நேரம் செலவிடவில்லை. பாலத்தைக் கடந்து குளித்தலை வழியாகக் கரூர் சேர்ந்தோம்.

கரூரில்தான் எங்கள் கேள்விகளிற் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்தது. படுக்கை விரிப்பு, திரைச்சீலை, மேசை விரிப்பு, சமையலறைத் துணி ஆகியவற்றை அயல்நாடுகளுக்கு அனுப்பும் ஊர் அது. ஏற்றுமதிக்குத் தைத்தபின் எஞ்சும் துணி, எடை போட்டு விற்கப்படுகின்றது. நிறம் நிறமாகக் குவிந்து கிடக்கும் அத்துணியைக் கண்டதும் எங்கள் பெண்களின் முகம் மலர்ந்தது. ஆனால் அக்குவியலில் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தே இருக்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. துணியிலிருந்து நாலைந்து நூல்களை உருவி, கடைக்கு வெளியே வந்து தீக்குச்சியைக் காட்டுக. பருத்தி, தாள் எரிவது போல் எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியபின் கறுத்த மணிபோல் கெட்டியாகும். கலப்பு நூலில் இரண்டும் தோன்றும். சாயம் நிற்குமா என்பதை அறிய, நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாற் போதும். மேலும், பருத்தித் துணி முதற்சலவையில் சுருங்கும் இயல்புடையது. சுருங்கும் துணியும் சுருங்காத துணியும் ஒரே போர்வையில் சேர்ந்தால், ஒருமுறை துவைத்ததும் அது கோணிக்கொள்ளும். வெட்டுத்துணியைத் தைப்பதற்கு முன்னரே துவைத்து உலர்த்திவிட வேண்டும் என்பது எங்கள் குறிப்பேடுகள் அனைத்திலும் ஏறிய செய்தி.

பிறகு போர்வை விற்கும் கடை ஒன்றில் அமர்ந்தோம். பகல் உணவுக்குப் பிந்திய வேளையாதலால் கூட்டம் இல்லை. எங்கள் குழுத்தலைவி, மாதிரிக்காகத் தைத்து எடுத்து வந்திருந்த போர்வையை விரித்துக் காட்டினார். கடை உரிமையாளர் தையலைத் தடவிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கையில் தூக்கி எடை பார்த்தார். "வேலை சுத்தமாக இருக்கிறதம்மா. ஆனால் இது மார்கழிச் சரக்கு. பங்குனி, சித்திரையில் இதை அடுக்கில் வைத்திருந்தால் என் முதல் முடங்கும்" என்றார். தொடர்ந்து, "துவைத்தால் உலர எத்தனை நாள் ஆகும்?" என்றும் வினவினார். தைத்தவர்கள் எவரும் அதுவரை கேட்டுப் பார்க்காத கேள்வி அது. அவர் கடையில் இருந்த பஞ்சுப் போர்வைகளில் பல, பானிப்பட்டு முதலிய வட இந்திய ஊர்களில் இயந்திரத்தில் தைக்கப்பட்டு வருபவை, பாலியஸ்டர் பஞ்சு வைத்தவை, எடை குறைந்தவை, விரைவில் உலர்பவை.

அவற்றின் விலையைக் கேட்டபின், மர நிழலில் அமர்ந்து கணக்குப் போட்டோம். கணக்கு எளியது. 2025-26ஆம் நிதியாண்டில் தமிழ்நாட்டில் மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். ஒரு பெண் கையாலேயே நூலோட்டி ஒரு போர்வையை முடிக்க மூன்று நாள் ஆகுமென்று கொண்டால், கூலி மட்டுமே 1,008 ரூபாய் ஆகின்றது. துணி, பஞ்சு, நூல், கடைக்காரரின் ஆதாயம் ஆகியவை இதற்கு மேல். இயந்திரப் போர்வையின் பக்கத்தில் இதை அடுக்கி வைத்து, "கையால் தைத்தது" என்று சொல்லி அந்த விலையைக் கேட்கக்கூடிய கடைகள் பெருநகரங்களில் சில உண்டு. கரூர்க் கடைவீதியில் நாங்கள் பார்த்தவரை இல்லை. தம் உழைப்புக்குக் கூலி போடாமல் கணக்கு எழுதும் வழக்கம் மகளிர் குழுக்களில் மிகுதி. "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்பர். களை எடுத்து, மாடு கறந்து, சமைத்து முடித்தவருக்குச் சும்மா இருக்கும் நேரம் எது என்று நான் கேட்டேன். எவரும் விடை கூறவில்லை.

இது தொடர்பாக அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் குறிப்பிடலாம். அலபாமா மாநிலத்தில் கறுப்பின உழவர் குடும்பப் பெண்கள் 1966ஆம் ஆண்டில் போர்வை தைக்கும் கூட்டுறவு ஒன்றை நிறுவினர். பழந்துணியைத் தம் மனம்போன போக்கில் இணைத்துத் தைப்பதில் அவர்கள் வல்லவர்கள். நகரத்துப் பெருங்கடைகள் ஆர்டர் கொடுத்தன. ஆனால் எல்லாப் போர்வைகளும் ஒரே அளவில், ஒரே மாதிரியில் இருக்க வேண்டுமெனக் கேட்டன. 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்காகத் தலையணை உறைகளை ஒன்றுபோல் தைத்துக் கொடுப்பதே அவர்களின் பெரிய வேலையாயிற்று. நிலையான வருமானமும் வந்தது. அவ்வட்டாரத்தைச் சேர்ந்த ஜீஸ் பெண்ட் என்னும் ஊர்ப் பெண்களின் பழைய போர்வைகளோ, 2002இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போல் தொங்கவிடப்பட்டன. கைத்திறனுக்குக் கிடைக்கும் பாராட்டு வேறு, மாதந்தோறும் வரும் ஆர்டர் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி எனக்குத் தெரியவில்லை.

பிற்பகல் சென்னிமலை சென்றோம். கைத்தறிப் படுக்கை விரிப்புகளுக்கும் போர்வைகளுக்கும் பெயர் பெற்ற ஊர். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்களில் சரக்கு அளவு வாரியாகவும் வகை வாரியாகவும் அடுக்கப்பட்டிருந்தது. ஒரே வகையில் பத்து விரிப்பு எடுத்தால் பத்தும் ஒரே நீளம், ஒரே அகலம். எங்கள் மாதிரிப் போர்வையை ஒருவர் நாடாவால் அளந்தார். ஒரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் இரண்டு விரற்கடை வேறுபாடு இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் நாடாவைச் சுருட்டி வைத்தார். எங்கள் குழுத்தலைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவு ஈரோட்டில் தங்கினோம். அங்குள்ள கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய்க்கிழமை வரை நடைபெறும் வாரச் சந்தையாகப் புகழ்பெற்றது. பல ஊர் வியாபாரிகள் மூட்டை மூட்டையாகக் கொள்முதல் செய்கின்றனர். விசைத்தறிச் சரக்கின் விலையைக் கேட்டபின், மலிவில் போட்டியிடுவது நம் போன்றோருக்கு ஆகாத காரியம் என்பதில் குழுவினருக்கு ஐயம் எஞ்சவில்லை.

மறுநாள் காலை பவானி. இவ்வூர் ஜமக்காளம் நாடறிந்தது. தடித்த பருத்தி நூலைக் கொண்டு குழித்தறியில் நெய்யப்படுவது, நிறப்பட்டைகள் ஓடுவது. அகலமான ஜமக்காளத்துக்கு ஒரே தறியில் இருவர் அருகருகே அமர்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கி நெய்கின்றனர். இத்தகைய நெசவைக் காக்கும் பொருட்டு, 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் 11 வகைப் பொருள்கள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. ஜமக்காளமும் படுக்கை விரிப்பும் அவற்றுள் அடங்கும். 2005-06இல் பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடும் பெற்றது. இத்தனைக்குப் பிறகும் விசைத்தறியில் நெய்த வெளியூர்ச் சரக்கு, பவானி என்னும் பெயரிலேயே விற்கப்படுவதாக நெசவாளர்கள் வருந்துகின்றனர். சட்டம் தறியைக் காக்க முயலலாம். வாங்குபவர் வேறுபாடறியாவிட்டால் நெசவாளர் கைக்குக் கூலி சேராது. ஊராட்சி அலுவலகத்துக்கோ, பள்ளிக்கோ, திருமணத்துக்கோ ஜமக்காளம் வாங்குவோர், கூட்டுறவுச் சங்கக் கடையிலோ கோ-ஆப்டெக்ஸ் நிலையத்திலோ கைத்தறி முத்திரை பார்த்து வாங்குவது நேரடி உதவியாகும். 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நெசவாளர் சங்கங்களின் சரக்கை விற்பதற்கென்றே அமைந்தது.

பவானியில் ஜமக்காளக் கடை நடத்தும் முதியவர் ஒருவர், எங்கள் மாதிரியைப் பார்த்துவிட்டு, "இதையே பாதியாக்கிக் குழந்தைக்கு விரிப்பாகத் தைத்தால் என்னங்கம்மா?" என்று கேட்டார். பஞ்சு வேண்டா, இரண்டு மூன்று அடுக்கு மென்துணி போதும், எளிதில் உலரும், கோடையிலும் வாங்குவர், பிறந்த வீட்டுச் சீராகவும் கொடுப்பர் என்று காரணங்களையும் அடுக்கினார். பாட்டியின் விரிப்பே சுற்றி வந்து எங்கள் முன் நின்றது.

நாமக்கல் வழியாகத் துறையூர் திரும்பும்போது வண்டியிலேயே விவாதம் நடந்தது. பெரிய போர்வைகளைக் கைவிட இருவருக்கு மனமில்லை. பச்சைமலை, கொல்லிமலை ஊர்களில் குளிர்காலத்தில் அவை விற்கும் என்று வாதிட்டனர். அவ்வாதத்தில் நியாயம் இருந்தது. இறுதியில், குளிர்காலத்துக்கென மட்டும் சில போர்வைகள், மற்ற மாதங்களில் குழந்தை விரிப்பு என்று முடிவாயிற்று. கடன் விண்ணப்பம் இன்னும் எழுதப்படவில்லை. குழுவின் சேமிப்பிலிருந்து வெட்டுத்துணி மட்டும் வாங்கி, முதல் விரிப்புகளை மூன்று கடைகளில் வைத்துப் பார்ப்பது என்றும், மறு ஆர்டர் வந்த பின்னரே இயந்திரத்துக்குக் கடன் கேட்பது என்றும் தீர்மானம் எழுதியுள்ளனர்.

இத்தகைய பயணம் மேற்கொள்ள விரும்பும் ஊராட்சியினருக்குச் சில குறிப்புகள். கடைக்குக் கூட்டமில்லாத வேளையிற் செல்க. ஒரே கடைக்குள் பதினைந்து பேராக நுழைய வேண்டா. ஏதேனும் ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கிய பின் கேள்வி கேட்டால், கடைக்காரர் மனமுவந்து பேசுவார். எது விற்கிறது என்பதோடு, எது விற்காமல் திரும்பிப் போகின்றது என்றும் கேட்க வேண்டும். தலையணைக்கு இலவம் பஞ்சு வாங்குவோர், சிறிதளவு எடுத்து நீரில் போட்டுப் பார்க்கலாம். நல்ல இலவம் பஞ்சு நீரை ஏற்காமல் நெடுநேரம் மிதக்கும். கழிவுப் பருத்தி கலந்திருந்தால் அது நீர் குடித்து அமிழும். ஈரோட்டுச் சந்தையையும் சேர்த்துப் பார்க்க எண்ணுவோர், எங்களைப் போல் திங்கட்கிழமை காலையிலேயே புறப்படுவது நன்று.