செஸ் செயலி எப்போது சட்டென்று ஆடுகிறது?

குடிகாட்டிலிருந்து கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ பிள்ளையைச் செஸ் போட்டிக்கு அழைத்துப் போகிறவரா நீங்கள்? செல்போன் செயலி சில காய்களைக் கண்ணிமைப்பதற்குள் நகர்த்துவதையும், சில இடங்களில் அப்படியே நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். எங்கே யோசிக்க வேண்டாம் என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

ராஜாவுக்குச் செக், தப்ப ஒரே வழி என்றால் பேச்சே இல்லை; உடனே ஆடிவிடலாம்.

மற்ற நேரங்களில்? ஸ்டாக்ஃபிஷ் போன்ற இன்ஜின் (காய் நகர்த்தலைக் கணக்கிடும் நிரல்) முதலில் ஓரடி, பிறகு ஈரடி, மூன்றடி என்று ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு சுற்றிலும் எதை ஆடுவது என்ற விடை மாறினால் கூடுதல் நேரம் எடுக்கும். அதே விடை நிலைத்து, ஆட்ட நிலைக்கு அது தரும் மதிப்பும் சரியாமல் இருந்தால் சீக்கிரம் நிறுத்திக்கொள்ளும்.

வெட்டியவனைத் திருப்பி வெட்டுவது எப்போதும் எளிதுதானே என்பீர்கள். இல்லை. ஓரடியில் எளிதாகத் தெரிவது ஐந்தாம் அடியில் பொறியாக இருக்கலாம். அதனால்தான் முதல் பார்வையை இன்ஜின் நம்புவதில்லை.

நம் செஸ் வீரர் குகேஷையே பாருங்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகப் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டம். 55ஆவது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் யானையை எஃப்2 கட்டத்துக்கு இறக்கினார். யானைக்கு யானை, மந்திரிக்கு மந்திரி வெட்டிக்கொண்டால் மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும்தான்; குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். இன்ஜினுக்கு இது நொடி வேலை. குகேஷோ அதை முதலில் கவனிக்கவில்லை, வேறொன்றை ஆட இருந்ததாக அவரே பிறகு சொன்னார். கை நீளுமுன் மறுபடி பார்த்ததால்தான் 18 வயதில் பட்டம் வந்தது. எனக்கு அந்த நிதானம்தான் பெரிதாகப் படுகிறது.

உங்கள் பிள்ளை என்ன செய்யலாம்? தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்பது விதி. ஆகவே கை மடியில் இருக்கட்டும். மனதில் ஒரு நகர்த்தல் வந்ததும், 'இதற்கு எதிராளியிடம் செக் இருக்கிறதா, வெட்டு இருக்கிறதா?' என்று பார்க்கட்டும். பார்த்த பிறகும் அதே நகர்த்தல் நின்றால் ஆடிவிடலாம். மனம் மாறினால் அதுதான் நேரம் செலவழிக்க வேண்டிய இடம்.

ஆட்டத்தாளில் நகர்த்தலுக்குப் பக்கத்தில் கடிகார நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து அதே நிலையைச் செயலியில் வையுங்கள். செயலி காட்டும் ஆழ எண் ஏற ஏற, அது முதல் வரியில் காட்டும் நகர்த்தல் மாறாத இடத்தில் பிள்ளை பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால், அடுத்த போட்டியில் மிச்சம் பிடிக்க வேண்டிய பத்து நிமிடம் அதுதான்.