தெருவுக்கு வந்த சிறுநீரக ஆய்வு

சிறுநீரகங்கள் தம் செயல்திறனில் பெரும்பகுதியை இழக்கும்வரை நோயாளிக்குப் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தெரிவதில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி, பசி அற்றுப்போன பிறகு மருத்துவரிடம் வருபவருக்கு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இயந்திரத்தின் வழியே ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ், அல்லது மாற்றுச் சிறுநீரகம் ஆகிய இரண்டு வழிகளே எஞ்சுகின்றன. நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையிலிருந்து வேலூர் ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான் என்றாலும், அத்தகைய ஊரின் விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு அச்சிகிச்சையின் செலவு எட்டாத் தொலைவிலேயே இருந்தது.

இந்த இடைவெளியையே தம் ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டவர் சென்னைச் சிறுநீரகவியல் நிபுணர் டாக்டர் எம்.கே. மணி. மும்பை ஜஸ்லோக் மருத்துவமனையில் பணியாற்றியபோது ஜெயப்பிரகாஷ் நாராயணனுக்குச் சிகிச்சையளித்த அவர், பின்னர் சென்னை அப்பல்லோ மருத்துவமனையின் சிறுநீரகவியல் துறையைத் தலைமையேற்று நடத்தினார்; 1991இல் பத்மபூஷண் பெற்றார். ஏழைகளிடம் சிறுநீரகத்தை விலைக்கு வாங்கிப் பொருத்துவதை, அவ்வணிகம் சென்னையில் கொழித்திருந்த காலத்திலேயே, வெளிப்படையாக எதிர்த்தார். இயந்திரங்களுக்கு நடுவே பெயரெடுத்த இம்மருத்துவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கேள்வி, இயந்திரம் தேவைப்படும் நிலைக்கு ஒரு கிராமம் வராமலிருக்க எவ்வளவு செலவாகும் என்பது.

சென்னை சிறுநீரக உதவி அறக்கட்டளையின் வழியே, நகருக்கு அருகிலுள்ள கிராமங்களில் சுமார் 25,000 மக்களிடம் 1990களில் இப்பணி தொடங்கியது. நீண்டகாலச் சிறுநீரகச் செயலிழப்புக்குச் சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும் முதன்மைக் காரணங்கள் என்பதால், அவ்விரண்டையும் வீட்டு வாசலிலேயே கண்டுபிடிப்பது திட்டத்தின் அடிப்படையாக அமைந்தது. பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர் இளம்பெண்கள் பயிற்சி பெற்று வீடுவீடாகச் சென்று, சில கேள்விகள் கேட்டு, ரத்த அழுத்தத்தை அளந்து, சிறுநீரைச் சோதித்தனர். சல்போசாலிசிலிக் அமிலத்தைச் சில சொட்டுகள் விட்டதும் சிறுநீர் கலங்கினால் அதில் புரதம் இருக்கிறது, அதாவது சிறுநீரக வடிகட்டிகள் பழுதுபட்டிருக்கக்கூடும் என்று பொருள். பெனடிக்ட் கரைசலுடன் சூடாக்கும்போது நீலம் மாறிப் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என ஏறினால் சர்க்கரை கலந்திருக்கிறது. பள்ளி ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய இச்சோதனைகளில் ஐயம் எழுந்தவர்களை மட்டும் மருத்துவர் நேரில் பார்த்தார். சிறுநீரகத்தால் வெளியேற்றப்பட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்ற சோதனை அதன் பிறகே வந்தது.

மருந்துத் தேர்விலும் விலையே அளவுகோலாயிற்று. சர்ப்பகந்தா வேரிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், ஹைட்ரலசின், ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவை ரத்த அழுத்தத்துக்கும், கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் ஆகியவை சர்க்கரைக்கும் வழங்கப்பட்டன. இவற்றில் சில அப்போதே நகர மருத்துவர்களின் சீட்டுகளிலிருந்து மறைந்துகொண்டிருந்தவை. எனினும், 2003இல் சிறுநீரகவியலின் முன்னணிப் பன்னாட்டு இதழில் வெளியான முடிவுகளின்படி, சிகிச்சை பெற்ற ரத்த அழுத்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கே அது சாத்தியமாயிற்று. மக்கள்தொகையில் தலைக்கு ஆண்டொன்றுக்கு ஆன செலவு 27 அமெரிக்க சென்ட், அன்றைய மதிப்பில் 12, 13 ரூபாய்.

சிறுநீரில் புரதம் ஒழுகுவதைக் குறைக்கும் ஏசிஇ தடுப்பான்கள் என்னும் புதிய மருந்துகள் இருக்கும்போது பழையவற்றைக் கொடுப்பது சரியா என்று கேட்கலாம், கேள்வி நியாயமானதே. ஆனால் ஒப்பீடு பழைய மாத்திரைக்கும் புதிய மாத்திரைக்கும் இடையிலன்று, பழைய மாத்திரைக்கும் ஒன்றுமில்லாமைக்கும் இடையிலானது என்பதே இவ்வாய்வு நின்ற தளம். அதன் உண்மையான எல்லை வேறிடத்தில் இருக்கிறது: ஓர் அறக்கட்டளையின் நன்கொடையால் 25,000 பேரைக் காக்கலாம், ஒரு மாநிலத்தைக் காக்க இயலாது.

மாநில அளவிலான முயற்சி வெகுகாலம் கழித்தே வந்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கின்றனர். வயிற்றறை வழியே வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான திரவப் பைகளும் அதே திட்டத்தில் வழங்கப்படுகின்றன.