ஸோபாத் தோலின் விலை

ஸோபா வாங்கக் கடைக்குச் செல்வோர், ஒரே அளவும் ஒரே நிறமும் வாய்ந்த இரண்டு ஆசனங்களில் ஒன்றுக்கு மற்றதைப்போல் மும்மடங்கு விலை கூறப்படுவதைக் கண்டு திகைப்பதுண்டு. இரண்டும் அசல் தோலே என்று கடைக்காரர் சாதிப்பார். அவர் பொய் சொல்லவில்லை. எந்தத் தோல் என்பதை மட்டும் சொல்லாமல் விடுகிறார்.

விலையின் முதற் காரணம் மாட்டின் முதுகிலேயே இருக்கிறது. செருப்புக்குச் சிறு துண்டு போதும். ஸோபாவின் சாய்மானத்துக்கோ அகலமான, பழுதற்ற ஒரே துண்டு வேண்டும். உண்ணிக் கடியோ, முள்கம்பிக் கீறலோ, சூட்டுத் தழும்போ குறுக்கிட்டால் அவ்விடத்தை ஒதுக்கி வெட்ட நேர்கிறது. கழிவு மிகுந்தால் எஞ்சிய சதுர அடியின் விலையும் ஏறுகிறது. ஐரோப்பாவின் குளிர்ப் பிரதேசங்களில் இத்தகைய வடுக்கள் குறைவாதலின், அந்நாட்டுப் பெருந்தோல்களுக்கு மதிப்பு அதிகம். மேலும், மாடுகளை வளர்ப்பது பாலுக்கும் இறைச்சிக்குமேயாகும். ஆதலால் தோலுக்குக் கிராக்கி ஏறினாலும் வரத்து உடனே பெருகாது. மோட்டார் வண்டி செய்வோரும் அதே தோலுக்குப் போட்டியிடுகின்றனர்.

அடுத்தது தோலின் அடுக்கு. கனத்த தோலை இயந்திரத்தால் இரண்டாகப் பிளக்கிறார்கள். மயிர் இருந்த மேற்புறமே உறுதியானது. விலையும் அதற்கே மிகுதி. அதிலும் வடுவற்ற தோலுக்கு மெல்லிய சாயமே போதும். வடுவுள்ளதைத் தேய்த்துக் கனத்த பூச்சால் மறைப்பார்கள். அடிப்புறத்தின்மேல் பூச்சுப் பூசி, மேல்தோலின் ரேகைகளை அச்சாகப் பதிப்பதும் உண்டு. தோல் துணுக்குகளை அரைத்துப் பசையிட்டு ஒட்டிய தகடும் தோல் என்ற பெயரிலேயே விற்கிறது. சில வருஷங்களில் அது செதில் செதிலாக உரியும்.

மூன்றாவது, பதனிடும் முறை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட வாரக்கணக்கிற் காலம் பிடிக்கும். குரோமிய உப்பு அவ்வேலையை ஓரிரு நாளில் முடிப்பதோடு தோலை மிருதுவாகவும் ஆக்குவதால், ஆசனத் தோலிற் பெரும்பகுதி இம்முறையிலேயே தயாராகிறது.

இவற்றோடு, நெடுங்காலம் விலைச்சீட்டில் ஏறாதிருந்த செலவொன்றும் உண்டு. தோல் கெடாதிருக்க இட்ட உப்பும், பதனிட்ட குரோமியமும் கழிவுநீரிற் கலந்து வெளியேறுகின்றன. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கங்களில் இந்நீர் பாலாற்றிலும் வயல்களிலும் பாய்ந்தது, கிணறுகள் உவர்த்தன, நிலம் கெட்டது. வாங்கியவர் மிச்சம் பிடித்த பணத்தை அவ்வூர்க் குடியானவர் தம் விளைச்சலிலும் குடிநீரிலும் கொடுத்துத் தீர்த்தனர். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்று 1996-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கழிவுநீரைச் சுத்தி செய்யும் செலவும் தோல் விலையில் ஓர் அங்கமாயிற்று.

ஆகவே, ஸோபா வாங்கும் குடும்பத்தினர் கடைக்காரரை இரண்டு கேள்விகள் கேட்பது நலம். இது மேல்தோலா, அடித்தோலா, துணுக்குத் தகடா என்பது ஒன்று. இதைப் பதனிட்ட தண்ணீர் எங்கே போயிற்று என்பது மற்றொன்று. முதற் கேள்வி நம் பணத்தைக் காக்கும். இரண்டாவது பிறர் கிணற்றைக் காக்கும்.