குருதியுறைவு கரைதலும் ஈரல் நோயும்

காயத்திற் குருதி உறைதலும், காயம் ஆறியபின் அவ்வுறைவு கரைதலும் உடலின் இயல்பு. கரைப்பது பிளாசுமின் என்னும் நொதியம். அதன் மூலமாகிய பிளாசுமினோசனையும், அதனை அடக்கும் எதிர்ப்பிளாசுமினையும் ஆக்குவது ஈரல். பிளாசுமினோசனைத் தூண்டும் காரணியைக் குருதியினின்று அகற்றுவதும் ஈரலே. ஆதலின் ஈரல் நலிந்தால் தூண்டி மிகும், அடக்குவது குறையும்.

ஈரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிசு நோயாளரின் குருதியுறைவு விரைவிற் கரைதலை, 1914 இல் அமெரிக்க அறிஞர் குட்பாசுச்சர் எடுத்துரைத்தார். நோய் முற்றுந்தோறும் இம்மாற்றங்கள் மிகுதலைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. எனினும் கரைதலைத் தடுக்கும் வேறொரு காரணியும் சிலரிடத்து மிகுதலால், ஒன்றை மட்டும் அளந்து முடிவு கூறலாகாது.

உறையச்செய்யும் காரணிகளும் பெரும்பாலும் ஈரலிலேயே ஆவன. அவற்றின் குறைவைக் காட்டும் புரோதுரொம்பின் நேரம் அளத்தற்கு எளிது. ஆதலின் 1973 இல் பியூவும் அவர் குழுவினரும் வகுத்த நோய்த்தர அளவையில் அது இடம்பெற்றது.

ஹுன்னஸ்கிரிய போன்ற மலையூர்களில் வாழ்வோர் இதனால் அறியத்தக்கது யாது? கண் மஞ்சளித்து, வயிறு பருத்து, பல்லீறிற் குருதி கசியுமாயின், மதுவை அறவே விலக்கி, கண்டி வைத்தியசாலையிற் குருதியைச் சோதிப்பித்தல் வேண்டும். குருதி வாந்தியெடுப்பின் ஒரு கணமும் தாழ்த்தலாகாது.